கெலிஓயாவில் கண்ட திறந்த மேசை

கண்டியில் இருந்து கம்பளை செல்லும் வீதியில் பேராதனையைக் கடந்ததும் வருவது கெலிஓயா. 2004 ஆம் ஆண்டில் ஒரு மழைநாளில், கணினிப் பெட்டி ஒன்றைப் பொலித்தீனில் சுற்றி எடுத்துக்கொண்டு அங்கே பஸ்ஸை விட்டு இறங்கினேன். பாமினி எழுத்துருவில் ஏழாண்டுகள் தட்டெழுதிய கட்டுரைகளும் பேட்டிக் குறிப்புகளும் அதற்குள் இருந்தன. வேறு பிரதி கிடையாது. கண்டி நகரில் ஒரு கடைக்காரர் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது என்று கையை விரித்திருந்தார்.

கெலிஓயாக் கடையில் இருந்த இளைஞர் எனது பெட்டியைத் திறந்து டிஸ்க்கை மட்டும் கழற்றினார். அவரது மேசையில் இரண்டு தட்டுள்ள சிறிய மரச்சட்டம் ஒன்று நின்றது. கீழ்த்தட்டில் மின்வழங்கி, மேல்தட்டில் பித்தளைக் கால்களின் மேல் மதர்போர்ட். மூடியோ பக்கத் தகடோ இல்லை. டிஸ்க்கைப் பொருத்திவிட்டு, போர்டில் உள்ள இரண்டு ஊசிகளைத் திருப்புளி முனையால் ஒரு கணம் தொட்டார். விசிறி சுழன்றது, ஒரேயொரு 'பீப்' ஒலி கேட்டது.

"சேர், டிஸ்க் நல்லா இருக்கு. போர்ட்தான் போயிரிச்சி."

அவரது கணினியில் பாமினி இல்லாததால் எனது கட்டுரைகள் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரிந்தன. எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

அந்தச் சட்டத்துக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. 1920களில் வானொலி ஆர்வலர்கள் பாண் வெட்டும் பலகையில் உறுப்புகளை ஆணியடித்துச் சுற்றுகளை அமைத்தனர். 'பிரெட்போர்ட்' என்ற பெயர் இன்றும் நிலைத்திருப்பது அதனாலேயே. நமது நாட்டிலும் அக்காலத்தில், தந்தித் திணைக்களத்தின் எட்வர்ட் ஹார்ப்பரும் சகாக்களும் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்பியை அமைத்தனர். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது.

1976 இல் வெளிவந்த முதலாவது ஆப்பிள் கணினியும் வெறும் பலகையே. 666.66 டொலர் கொடுத்து வாங்கியவர் பெட்டி, விசைப்பலகை, மின்மாற்றி ஆகியவற்றைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். சுமார் 200 மட்டுமே செய்யப்பட்டன.

பின்னர் கணினி தகரப் பெட்டிக்குள் புகுந்தது. பழைய 'ஏ.டி.' வகைகளில் 230 வோல்ட் மின்சாரம் முன்பக்க ஆளி வரை வந்ததால், திறந்து வைத்து வேலை செய்வது ஆபத்தாக இருந்தது. 1995 இல் இன்டெல் அறிமுகப்படுத்திய 'ஏ.டி.எக்ஸ்.' முறையில் ஆளிக்குச் செல்வது சிறிய மின்னழுத்தமே. திருப்புளி முனையால் உயிரூட்ட முடிந்தது இதனாலேயே. ஆயினும் நிறுத்திய பின்னரும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் போர்டில் இருக்கும். உறுப்புகளைக் கழற்றுமுன் மின்கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். 2001 இல் 17 சென்ரிமீற்றர் சதுரமான 'மினி ஐ.டி.எக்ஸ்.' வந்தபின் சட்டம் இன்னும் சுருங்கியது.

இதன் பயன் ஒன்றே: ஐயத்தைக் குறைத்தல். புரோசசர், அதன் விசிறி, ஒரு நினைவகத் துண்டு ஆகியவற்றுடன் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுவே குற்றவாளி.

என் போர்டையும் அவர் சட்டத்தில் ஏற்றிக் காட்டினார். புரோசசரின் அருகே மின்தேக்கிகள் தலை வீங்கி நின்றன. 1999 முதல் சில ஆண்டுகள் உலகெங்கும் பல கணினிகளை முடக்கிய, தரம் குன்றிய மின்தேக்கிகளின் நோய் அது. பெட்டிக்குள் இருந்தவரை எவரும் அதைக் காணவில்லை.

திறந்த சட்டத்துக்கும் குறை உண்டு. காற்றோட்டம் தாராளமாக இருப்பதால் அங்கே குளிர்ந்து ஓடும் கணினி பெட்டிக்குள் சூடேறி நிற்கலாம். தூசியும் நிலைமின்னும் எளிதில் தாக்கும். அது சோதனைக்கான இடம், குடியிருப்பு அன்று.

பத்திரிகைத் தொழிலில் ஒரு செய்தி பிழைத்தால் மூலத்துக்குச் சென்று ஒவ்வொரு தகவலாகச் சரிபார்ப்போம். அன்று கண்டிக் கடைக்காரரின் ஒரு வாக்கியத்தைச் சரிபாராது நம்பியிருந்தால் ஏழாண்டு எழுத்தும் குப்பைக்குப் போயிருக்கும். அவற்றைப் பின்னர் யுனிகோட்டுக்கு மாற்றி மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். நண்பர்களே, உங்கள் எழுத்து எத்தனை இடங்களில் இருக்கிறது?