கன்னி வேட்டை: வில்லும் கடமானும் நல்லமலைக் காடும்

ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்கு ஸ்ரீசைலப் பயணம் புதியதன்று. நகரை விட்டுத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலை மன்னனூரைத் தாண்டியதும் நல்லமலைக் காட்டினுள் நுழைகிறது. மல்லிகார்ச்சுனரைக் காணும் ஆவலில் நாம் அக்காட்டை விரைந்து கடந்து விடுகிறோம். குழந்தைகள் குரங்குகளைக் கண்டு மகிழ்கின்றனர். சிற்சில வேளைகளில் சாலையோரம் கையில் வில்லுடன் நிற்கும் ஒரு முதியவரையும் காண்கின்றனர். “அவர் யார்?” என்று அவர்கள் வினவும்போது, “காட்டுவாசி” என்னும் ஒரு சொல்லோடு நாம் நிறுத்திக் கொள்கிறோம். அம்முதியவருக்கும் நம் இலக்கியத்திற்கும் உள்ள உறவு அந்த ஒரு சொல்லில் அடங்குவதன்று. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வில்லின் முதற்பாடம்

வட அமெரிக்காவின் மலைக்காடுகளில் ‘எல்க்’ எனப்படும் பேருடல் மானை இன்றும் வில்லால் வேட்டையாடுவோர் உளர். துப்பாக்கி எளிதிற் கிடைக்கும் அந்நாட்டில், முதிர்ந்த வயதிற்கூட வில்லைப் புதிதாகக் கையிலெடுத்துப் பயிலத் தொடங்குவோர் பலர். அவர்கள் முதலிற் கற்பது குறி பார்ப்பதை அன்று; காற்று எப்பக்கம் வீசுகிறது என்று அறிவதையே. மனித வாடை மானின் மூக்கை எட்டினால் அன்றைய வேட்டை முடிந்தது. துப்பாக்கிக்காரன் தொலைவில் நின்று சுடலாம். வில்லாளி முப்பது நாற்பது அடி வைப்புக்குள் நெருங்கியாக வேண்டும். குண்டு அதிர்ச்சியால் வீழ்த்துகிறது. அம்போ குருதியை வடியச் செய்து கொல்கிறது. ஆதலால் எய்தவுடன் ஓடித் துரத்தாது, பொறுத்திருந்து, குருதித் தடம் பற்றிச் செல்ல வேண்டும். துரத்தினால் விலங்கு தொலைவு ஓடி வீணே வருந்தி மடியும்.

நம் நாட்டில் அம்மானுக்கு நிகரானது கடமான். மிளா என்றும் இதனை வழங்குவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் நுவரெலியாவில் வாழ்ந்து வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் முதலிய ஆங்கிலேயர் இதனை ‘எல்க்’ என்றே அழைத்தனர். ஒரு கொம்புக்கு மூன்று கிளையாக விரிந்த மருப்பும், அந்தியிலும் இரவிலும் மேயும் இயல்பும், ஐயம் தோன்றிய கணமே முன்காலால் நிலத்தை உதைத்து உரத்துக் கூவும் விழிப்பும் உடையது கடமான். இதனை நெருங்குவது எளிதன்று. அக்கடமான் இன்றும் நல்லமலையில் வாழ்கிறது.

இங்கே நம் அகத்திணை மரபொன்று நினைவுக்கு வருகிறது. தினைப்புனம் காக்கும் தலைவியிடம் தலைவன் வந்து, தன் அம்பு பட்ட விலங்கு இவ்வழி போந்ததோ என வினவுவதைக் ‘கெடுதி வினாதல்’ என்பர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலும் தலைவன் கெடுதி கூறியே பேச்சைத் தொடங்குகிறான். இதனைக் காதலன் கண்டெடுத்த சாக்கு என்றே நாம் படித்து வந்தோம். சாக்குத்தான், ஆயினும் அச்சாக்கு நம்பத்தக்கதாய் இருந்தமைக்குக் காரணம், அம்புபட்ட விலங்கு நின்ற இடத்திலேயே வீழ்வதில்லை என்பதும், வில்லாளி அதனைத் தேடித் திரிந்தே ஆக வேண்டும் என்பதும் அக்கால மக்கள் யாவரும் அறிந்த செய்தியாய் இருந்தமையே. தொழிலின் உண்மையிலிருந்தே கவிதையின் மரபு பிறந்தது.

சேக்கிழார் காட்டும் மாணவன்

ஒருவன் வில்வேட்டை கற்பதைத் தொடக்கம் முதல் முடிவு வரை விரித்துரைக்கும் தமிழ் நூல் எது என்று வினவின், பெரியபுராணத்தின் கண்ணப்ப நாயனார் புராணம் என்று தயங்காது கூறலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் வாழ்ந்த சேக்கிழார் பெருமான், பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்த திண்ணனாரின் கல்வியை ஒரு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவினும் சிறப்பாகப் பாடுகின்றார். அந்நாடு இன்றைய ஆந்திர மண்ணில் உள்ளது என்பதை நாம் மறத்தலாகாது.

வில் பிடிக்கும் நாளைக் குறித்து, சுற்றியுள்ள மலைக் குறும்புகளுக்கெல்லாம் நாகன் செய்தி அனுப்புகிறான். வேடர்கள் மலைப்பொருள்களைச் சுமந்து வந்து குவிக்கின்றனர். ஆடலும் பாடலும் விருந்துமாக விழா நடக்கிறது. ஏழாம் நாள், கதிரவன் உச்சியில் நிற்கும் பொழுதில், தொன்று தொட்டு வந்த விற்கலை வல்ல ஆசிரியர்கள் திண்ணனாரின் கையில் வில்லைப் பிடிப்பிக்கின்றனர். அதன்பின் அவர் வளர்பிறை போலக் கலை நிரம்பிப் பதினாறு ஆண்டினை எய்துகின்றார். கல்வி தொடங்கியது ஒரு நாளில். நிரம்பியதோ பல ஆண்டுகளில்.

அவர் வேட்டைக்குச் செல்லும் காரணமும் கருதத்தக்கது. நாகன் முதுமையுற்றான். மாதந்தோறும் நடக்க வேண்டிய வேட்டை தவறியதால் பன்றியும் மானும் பெருகிப் புனங்களை அழிப்பதாக வேடர்கள் முறையிடுகின்றனர். எனவே மைந்தனுக்குத் தலைமையை அளித்து, தேவராட்டியை அழைத்து வாழ்த்துப் பெறச் செய்து, ‘கன்னி வேட்டை’க்கு அனுப்புகிறான். முதன்முதல் ஆடும் வேட்டைக்குத் தமிழ் இட்ட பெயர் அது. அவ்வேட்டை பொழுதுபோக்கு அன்று. ஊர் காக்கும் கடமை.

இனி வருவதே நம் உள்ளத்தைத் தொடும் பகுதி. நாய்களும் வலைகளும் பறைகளுமாய்க் காடே அதிரும் அந்தக் கொலைக் களத்தின் நடுவில், வேடர்கள் எவற்றைக் கொல்லவில்லை என்பதைச் சேக்கிழார் எண்ணிக் காட்டுகின்றார். யானைக் கன்றுகளை அவர்கள் தொடரவில்லை. சிறு குட்டிகளைக் கொல்லவில்லை. கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பெண்மான்களை வருத்தவில்லை. எய்யத் தெரிந்தவன் வில்லாளி. எய்யாது விடத் தெரிந்தவனே வேட்டுவன் என்னும் அறம் இதில் தெளிவாக விளங்குகிறது.

மற்றொரு நயமும் உண்டு. பல ஆண்டு பயின்ற திண்ணனார் தம் கன்னி வேட்டையில், வலையறுத்து ஓடிய பன்றியை நாணன், காடன் என்னும் இருவர் மட்டும் உடன்வர நெடுந்தொலைவு தொடர்ந்து சென்று, இறுதியில் வில்லால் அன்று, உடைவாளாற் கொல்கிறார். அந்த ஓட்டமே அவரைப் பொன்முகலி ஆற்றின் கரைக்கும், காளத்தி மலைக்கும், தம் கண்ணையே பெயர்த்து அப்பும் அன்புக்கும் கொண்டு சேர்த்தது. தெலுங்குப் புலவர் தூர்ஜடியும் இவரைத் ‘தின்னடு’ என்னும் பெயரில் தம் காளத்தி மகாத்மியத்திற் பாடியுள்ளார். இரு மொழிகளும் பங்கிட்டுக் கொண்ட ஒரே வேடர் இவர்.

மோதிரமும் பெருவிரலும்

வில் எல்லார்க்கும் ஒன்றுபோல் வாய்க்கவில்லை. நம் நகரின் சாலார்ஜங் அருங்காட்சியகத்தில் ஷாஜகானின் பட்டப்பெயர் பொறித்த பச்சைக்கல் மோதிரம் ஒன்று உள்ளது. அது அணிகலன் அன்று, வில்மோதிரம். நாணைப் பெருவிரலால் இழுக்கும் முறையில் தோல் கிழியாது காப்பதற்காக அணியப்படுவது. அரசனின் பெருவிரலுக்குக் கல்லால் ஆகிய காப்பு கிடைத்தது. ஆசிரியர் மறுத்தும், களிமண் உருவை முன்வைத்துத் தானே பயின்ற வேட்டுவச் சிறுவன் ஏகலைவனோ அதே பெருவிரலைக் காணிக்கையாக இழந்தான். குழந்தைகளை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லும்போது இவ்விரு விரல்களின் கதையையும் ஒருசேரக் கூறலாம்.

பின்னர்த் துப்பாக்கி வந்தது. ஆறாம் நிசாம் மகபூப் அலி கான் பெயர்பெற்ற புலிவேட்டைக்காரர். அவருடைய வேட்டை முகாம்களை ராஜா தீனதயாள் நிழற்படங்களாக்கினார். நல்லமலையின் பர்ஹாபாத் நிசாம்களின் வேட்டைக்களமாயிற்று. ஓய்வுக்கு வேட்டையாடுவோர் பெருகவும், காடு சுருங்கவும், விலங்குகள் அருகின. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991இல் வந்த திருத்தமும் நாட்டில் வேட்டையைத் தடுத்தன. நாகார்ஜுனசாகர் - ஸ்ரீசைலம் காடு 1983இல் புலிகள் காப்பகமாயிற்று. 2014இல் மாநிலம் பிரிந்தபின் தெலங்கானாப் பகுதி அம்ராபாத் காப்பகம் எனப் பெயர் பெற்றது. இரவில் அச்சாலையில் வாகனங்கள் செல்லத் தடை இருப்பதும் இவ்விலங்குகளின் பொருட்டே.

செஞ்சுக்கள் என்னும் ஆசிரியர்கள்

சாலையோரம் நாம் கண்ட முதியவர் செஞ்சு இனத்தவர். ஆஸ்திரிய நாட்டு மானிடவியல் அறிஞர் கிறிஸ்டோப் வான் ஃபியூரர்-ஹைமண்டார்ப், இரண்டாம் உலகப்போர் தொடங்கிய காலத்தில் ஐதராபாத்தில் தங்க நேர்ந்தபோது, 1940இல் அம்ராபாத் மேட்டுநிலத்தில் இம்மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்தார். அவரது நூல் 1943இல் வெளிவந்தது. மூங்கில் வில்லும் இரும்பு முனை அம்பும் இவர்களின் கருவிகள். ஆயினும் இவர்கள் வயிற்றை நாள்தோறும் நிரப்பியது இறைச்சி அன்று. தோண்டுகோலால் அகழ்ந்த கிழங்கும், காட்டுக் கனியும், தேனுமே.

ஸ்ரீசைலத்து இறைவனைத் தங்கள் குலப் பெண்ணை மணந்த ‘செஞ்சு மல்லய்யா’ என்று இவர்கள் உறவு கொண்டாடுகின்றனர். அகோபிலத்து நரசிங்கரும் செஞ்சுலட்சுமியின் கணவரே. குறமகளை மணந்த முருகனைப் போற்றும் நமக்கு இவ்வுறவு அயலானதாய்த் தோன்றுமா?

இன்று வேட்டை இல்லை. அது இல்லாமையே நன்று. ஆனால் வேட்டையோடு வளர்ந்த அறிவு அழிய வேண்டுவதில்லை. தடம் காணும் அக்கண்ணைக் கொண்டே செஞ்சு இளைஞர் பலர் வனத்துறையில் காவலராகவும் புலித்தடம் பார்ப்போராகவும் பணியாற்றுகின்றனர். அதே வேளையில், புலிகளின் பெயரால் தம் சிற்றூர்களை விட்டு வெளியேற நேருமோ என்னும் அச்சமும் அவர்களிடையே உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏட்டில் உள்ளது. அது அவர்கள் வாழ்வில் நிற்பதைப் பொறுத்தே அவர்களின் அறிவும் நிற்கும்.

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஊரை இழப்பதன் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. நாம் விரும்பி வந்தோம். அவர்கள் விரும்பாது பெயர நேரிடின், கண்ணப்பரைப் பாடும் நம் வாய் வாளா இருத்தல் தகுமா?

அடுத்த முறை ஸ்ரீசைலம் செல்லும்போது, மன்னனூருக்கு அப்பால் அம்முதியவரை மீண்டும் காண நேரிடலாம். குழந்தைகள் வினவினால், “திண்ணனாரின் உறவினர்” என்று கூறுவோம். அச்சொல் மிகையன்று.