இரவல் களம்

கயத்தாறு என்றதும் எல்லோருக்கும் 1799-ம் வருஷமும் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட புளியமரமும்தான் ஞாபகம் வரும். எனக்கு முதலில் ஞாபகம் வருவது என் அத்தான் உளுந்து அடித்த களம். களம் அவருடையதல்ல, பக்கத்துப் புஞ்சைக்காரருடையது. வாடகை கிடையாது. தை மாதத்தில் செடியைக் கொண்டுவந்து போட்டு, அடித்துத் தூற்றிக்கொள்ளலாம். ஒரு வருஷம் பொலி குவிந்து கிடக்கும்போது, களத்துக்காரர் அந்த இடத்தைக் காற்றாலைக்குப் பேசி முடித்துவிட்டார். "ரெண்டு நாள்ல காலி பண்ணிருங்க, மாப்ளே" என்றார். சும்மா கொடுத்தவரிடம் எந்த நியாயத்தைப் பேசுவது?

அக்காள் மகன் போன மாதம் வந்திருந்தான். கரிசல் சீமைச் சொற்களுக்குக் கம்ப்யூட்டரில் ஓர் அகராதி செய்கிறான். அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். பத்துப் பேர் பத்து ஊரிலிருந்து திருத்தினால், யார் எந்த வரியை மாற்றினார், எங்கே பிழை என்றெல்லாம் கணக்கு வைக்க வேண்டுமே! அதற்கு இணையத்தில் இலவசமாகவே இடமும் கருவியும் தருகிறார்கள். "எதுல வைக்கிறதுன்னுதான் யோசிக்கேன், மாமா" என்றான். அவனிடம் கேட்டதையும், பிறகு நானே படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

லினக்ஸ் என்ற பிரம்மாண்டமான மென்பொருளை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கினார். உலகமெங்கும் இருந்து வந்து குவியும் திருத்தங்களைச் சமாளிக்க, 2002-ல் பிட்கீப்பர் என்ற கருவியை எடுத்துக்கொண்டார். அது லாரி மெக்வாய் என்பவருடைய கம்பெனியின் சொத்து. இலவசம்தான், ஆனால் நிபந்தனைகளோடு. இரவல் வேண்டாம் என்று அப்போதே சிலர் முணுமுணுத்தார்கள். ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற நிரலாளர் அந்தக் கருவியோடு பேசக்கூடிய தனி நிரல் ஒன்றை எழுதப் போக, மெக்வாய்க்குக் கோபம் வந்துவிட்டது. 2005 ஏப்ரலில் இலவசம் நின்றது.

டோர்வால்ட்ஸ் அந்த மாதமே கிட் என்ற சொந்தக் கருவியை எழுதத் தொடங்கினார். அதில் ஒரு விசேஷம்: வேலை செய்கிற ஒவ்வொருவரிடமும் முழுச் சரித்திரமும் பிரதியாக இருக்கும். ஒரு களம் மூடினால் தானியம் போகாது. பிட்கீப்பரும் 2016-ல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. அப்போது அதைச் சீந்துவாரில்லை.

கூகிள் கோட் 2006-ல் வந்தது. பெரிய இடத்துக் களம், நிரந்தரம் என்று நம்பித் தமிழில் தட்டச்சு செய்ய உதவும் எ-கலப்பையின் நிரலையும் அங்கேதான் வைத்திருந்தார்கள். (அந்தக் கலப்பையின் பழைய பதிப்புகள் கீமேன் என்ற வேறொருவர் பொறியை நம்பி உழுதவை, மூன்றாவது பதிப்பில்தான் அது கட்டற்ற மென்பொருளாயிற்று.) 2015 மார்ச்சில் கூகிள் மூடுவிழா அறிவித்தது, 2016 ஜனவரியில் மூடியும்விட்டது. எ-கலப்பை கிட்ஹப்புக்குக் குடிபெயர்ந்தது. 2008-ல் பிறந்த அந்த கிட்ஹப்பையும் 2018-ல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்குப் பேசி வாங்கிற்று.

இங்கிலீஷ்காரனுக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் 'விலை இல்லாதது' என்றா, 'விலங்கு இல்லாதது' என்றா என்று ஒவ்வொரு முறையும் விளக்கிக்கொண்டிருக்கிறான். நமக்கு இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கிட்ஹப் இலவசம், கட்டற்றதல்ல. நிரலை அங்கிருந்து ஒரு நாளில் அள்ளிக்கொண்டு வந்துவிடலாம், அது கிட்டின் புண்ணியம். ஆனால் பிழைப் புகார்களும், 'இந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் வேறு அர்த்தம்' என்று நடக்கும் வாதங்களும் கிட்டுக்குள் அடங்குவதில்லை. அவை களத்துக்காரன் பத்தாயத்தில் கிடக்கும். ஓர் அகராதிக்கு அவைதானே உயிர்!

கட்டற்ற களங்களும் உண்டு. குனூ இயக்கத்தாரின் சவானா பழையது. பெர்லினில் ஒரு சங்கம் லாப நோக்கமின்றி கோட்பெர்க் என்று நடத்துகிறது. "அங்க ஆள் நடமாட்டம் கம்மி, மாமா. திருத்துறவங்க எல்லாம் கிட்ஹப்ல இருக்காங்க" என்றான். அதுவும் வாஸ்தவம்தான்.

கடைசியில் கிட்ஹப்பிலேயே வைத்தான். வெள்ளிக்கிழமை ராத்திரிதோறும் புகார்களையும் வாதங்களையும் ஒரு சிறு பெட்டிக்குள் பிரதி எடுத்துக்கொள்கிறான். அந்தப் பெட்டியை அக்காள் வீட்டில், உளுந்து கொட்டிவைக்கிற பழைய குலுக்கைக்கு மேலேதான் வைத்திருக்கிறார்கள்.