சிட்சையும் கிருபையும்

ஆஸ்டின் டவுனில் வாழும் தமிழர் நாளும் பல மொழிகளுக்கு நடுவே நடப்பவர். கன்னடத்தில் 'சிக்ஷண' என்பது கல்வி. 'சிக்ஷெ' என்பது தண்டனை. மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராயிருக்கும் நம் மேசைக்கு வரும் இந்திச் சுற்றறிக்கைகளிலோ 'சிக்ஷா' கல்வியையே குறிக்கும். இச்சொல்லே தமிழ் வேதாகமத்துள் 'சிட்சை' எனப் புகுந்து, நம் தெருவின் இழவு வீட்டு வாசல்வரை வந்துள்ளது. இளம் மகனைப் பறிகொடுத்த தாயொருத்தியிடம், "ஆண்டவருடைய சிட்சை அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் ஆறுதல் உரைத்ததை நாம் கேட்டதுண்டு. அத்தாய் மறுமொழி கூறவில்லை. எபிரேயர் தம் நூல்களில் சிட்சை என்று கருதியது இதைத்தானா என்னும் ஐயமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

மூலத்தில் நிற்கும் சொல் 'மூசார்'. நீதிமொழிகள் நூலில் தந்தை மகனுக்குப் புகட்டும் அறிவும் அதுவே. அவன் தவறியவிடத்து எடுக்கும் பிரம்பும் அதுவே. எனவே இரு பொருளையும் தாங்கும் 'சிட்சை' பொருத்தமான சொல்லே. இன்றைய தமிழ்ச் செவிக்கு அடி மட்டும் கேட்கிறது, பாடம் கேட்பதில்லை.

மற்றொரு சொல் 'ஹெசெத்'. உடன்படிக்கையால் பிணைந்தவர் ஒருவரையொருவர் கைவிடாத அன்பை அது குறிக்கும். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, பழைய ஏற்பாட்டை ரூத்து நூல்வரை பெயர்த்து 1719இல் மறைந்தார். எஞ்சியதை சூல்ச்சு முடித்தார். பின்னர்ப் பப்ரிசியுஸ் சென்னையிலிருந்து புதிதாகப் பெயர்த்தார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருக்கு இப்பணியில் துணைநின்றவர் ஆறுமுக நாவலர் என்பது சைவ அன்பர் பலரும் அறிந்ததே. போவர் முதலியோர் திருத்திய 1871ஆம் ஆண்டுப் பதிப்பே சீர்திருத்தச் சபைகளில் நிலைபெற்றது. நம் பெங்களூரின் ஐக்கிய இறையியல் கல்லூரி முதல்வராயிருந்த டேனிய நாட்டவர் லார்சன் திருத்திய பதிப்பு 1936இல் வந்தபோதும் சபையார் பழையதை விடவில்லை. அதில் ஹெசெத் பெரும்பாலும் 'கிருபை' எனப்படும். கிருபை மேலிருந்து கீழே சொரிவது; பிணைப்பு என்னும் பொருள் அதில் மங்கிவிடுகிறது. 1995இல் வந்த திருவிவிலியம் 'பேரன்பு' என்றது. நம் எண்ணத்தில் இது மூலத்துக்கு நெருங்கியது.

இவ்விரு சொற்களும் மோதிய களம் கி.மு. 586. பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை எரித்து, கோயிலை இடித்து, மக்களைச் சிறைகொண்டு சென்றது. தோற்ற நாட்டின் தெய்வமும் தோற்றது என்பதே அக்கால வழக்கு. எபிரேயரோ அவ்வாறு கொள்ளவில்லை. தம் ஏழைகளை ஒடுக்கிய குற்றத்துக்கும் பிற தெய்வங்களை நாடிய குற்றத்துக்கும் தம் இறைவனே தம்மைத் தண்டித்தான் என்றனர். தண்டிப்பவன் விட்டகலவில்லை அன்றோ! இக்கொள்கையே அவர்களை அழியாது காத்தது எனலாம். கி.மு. 539இல் பாரசீகக் கோரேசு பாபிலோனை வென்றபின், ஒரு பகுதியினர் மீண்டனர்.

தமிழர்க்கு இக்கருத்து புதிதன்று. பிள்ளை சொற்கேளாதபோது பெற்றோர் வளாரால் அடிப்பதும் கட்டிவைப்பதும் பரிவே. ஈசன் முனிவும் அத்தகையதே என்று 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் விளக்கினார். சைவர் இதனை மறக்கருணை என்பர். குலசேகராழ்வாரோ, அறுத்துச் சுடும் மருத்துவனிடம் நோயாளி மாளாத அன்பு கொள்வதை உவமையாக்கினார். பீறியவனே குணமாக்குவான் என ஓசியா நூலிலும் ஒரு கருத்துண்டு. ஆயினும் ஒரு வேறுபாடு காண்கிறோம். சித்தாந்தம் பேசுவது ஆன்மாவின் வினையை. எபிரேய நூல்கள் பெரிதும் பேசுவது ஓர் இனத்தின் உடன்படிக்கையை. உடன்படிக்கை இருப்பதால் வழக்காடவும் உரிமை உண்டு. தாவீதின் மைந்தர் தவறினால் பிரம்பால் தண்டிப்பேன், அன்பை மட்டும் விலக்கேன் என்று இறைவன் வாக்களிப்பதாகக் கூறும் 89ஆம் சங்கீதமே, பிற்பகுதியில் அவ்வாக்கு எங்கே என்று அவனையே வினவுகிறது.

ஓர் இனத்தின் தோல்விக்குக் கண்ட விளக்கத்தை ஒவ்வொரு வீட்டுத் துயர்க்கும் பொருத்தலாமா? யோபு நூல் இதற்கு எதிர்நிற்கிறது. மக்களை இழந்த யோபுவிடம் நண்பர் மூவரும் சிட்சை, குற்றம் என்றே பேசுகின்றனர். எலிப்பாசு சிட்சையை அற்பமாக எண்ணலாகாது என்றே தொடங்குகிறான். முடிவில் இறைவன் சினப்பது அந்நண்பர்மீது. இழவு வீட்டுக்குச் செல்வோர் இப்பகுதியை ஒருமுறை படித்துச் செல்லுதல் நன்று.

எருசலேமின் அழிவைப் பாடும் புலம்பல் நூல் மொத்தம் 154 வசனங்கள். அவற்றுள் 77ஆவது, இறைவன் மாந்தரை மனமுவந்து வருத்துவதில்லை என்னும் கருத்துடையது. நூலின் நட்டநடுவில் அது நிற்கிறது. ஆனால் நூல் அங்கே முடியவில்லை. எம்மை முற்றிலும் தள்ளிவிட்டீரோ என்னும் துயரத்தில் முடிகிறது. ஆண்டுதோறும் கோயில் அழிந்த நோன்பு நாளில் யூதர் இந்நூலை ஓதும்போது, அவ்விறுதி வசனத்தை ஓதியபின், எம்மை மீண்டும் உம்மிடம் திருப்பும் என வேண்டும் அதன் முந்தைய வசனத்தை மறுமுறை ஓதியே நிறுத்துகின்றனர்.