ஜெர்மின் தெரு நூலகர்

காமன்வெல்த் நாடுகளிலிருந்து வருவோரைக் கட்டுப்படுத்த பிரிட்டன் 1962, 1968இல் குடியேற்றச் சட்டங்கள் இயற்றியது. அந்தச் சட்டங்கள் பற்றிய ஆய்வுகள் வெளிவந்த லண்டன் நிறுவனம் ஒன்றைத் தலைகீழாகப் புரட்டியவர் ஒரு தமிழர்.

சண்டிலிப்பாயைப் பூர்விகமாகக் கொண்ட அம்பலவாணர் சிவானந்தன், இலங்கையில் வங்கி மேலாளராக இருந்தவர். 1958 மே மாதம் தமிழர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். இனி இங்கே வாழ முடியாது என்று லண்டன் போனார். அங்கோ, அதே ஆண்டு நாட்டிங் ஹில்லில் வெள்ளைக்காரக் கும்பல்கள் கரீபியர்களின் வீடுகளைத் தாக்கின. வங்கி வேலை கிடைக்கவில்லை. பொது நூலகத்தில் தேநீர் போட்டுக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, படித்து, நூலகர் ஆனார். 1964இல் ஜெர்மின் தெருவிலிருந்த இன உறவுகள் நிறுவனத்தின் தலைமை நூலகரானார்.

நிர்வாகக் குழுவில் பெரிய கம்பெனிக்காரர்களும் அரசியல் புள்ளிகளும் இருந்தார்கள். கறுப்பர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்றெல்லாம் ஆராய்ந்து, 1969இல் எண்ணூறு பக்கங்களைத் தாண்டிய அறிக்கையும் போட்டார்கள். சிவானந்தனின் அலமாரிகளில் வேறொன்று சேர்ந்துகொண்டிருந்தது: கறுப்பர் இயக்கங்கள் அச்சடித்த துண்டறிக்கைகள், சிறு வெளியீடுகள். ஆராய வேண்டியது கறுப்பர்களை அல்ல, அவர்களை ஒதுக்கும் அமைப்புகளை என்பது அவர் கட்சி. இன்றைக்கும் பல ஆய்வு நிறுவனங்களுக்கு இது உறைக்கவில்லை என்பதே என் எண்ணம்.

நிறுவனத்தின் 'ரேஸ் டுடே' இதழை மூட நிர்வாகக் குழு முனைந்தது. சிவானந்தன் உள்ளிட்ட ஊழியர்கள் எதிர்த்தார்கள். 1972 ஏப்ரலில் கூடிய உறுப்பினர் கூட்டம் ஊழியர்கள் பக்கம் நின்றது. நிர்வாகக் குழு விலகியது. அதோடு பணமும் போயிற்று. அடுத்த ஆண்டு இயக்குநர் நாற்காலியில் சிவானந்தன்.

1976இல் அவர் எழுதிய கட்டுரைதான் அவருடைய ஆய்வுகளின் உச்சம். அதன் வாதம் இது: ஜமைக்காவோ பஞ்சாபோ சோறு போட்டு வளர்த்த தொழிலாளியைப் பிரிட்டன் செலவில்லாமல் பெற்றுக்கொண்டது. லாபம் முதலாளிக்கு. நெரிசலான வீடும் தரமற்ற பள்ளியும் தொழிலாளர்கள் தலையில், அவர்களில் வெள்ளையரும் உண்டு. 1971 குடியேற்றச் சட்டமோ புதிதாக வருபவர்களை ஒப்பந்தக் கூலிகளாக்கியது: உழைப்பு வேண்டும், குடும்பத்தோடு வேரூன்றுவது வேண்டாம். பொருளாதாரம் படித்தவரின் கணக்கு இது. மனிதாபிமான முறையீடாக அவர் இதை வைக்கவில்லை. அதனால்தான் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

2018 ஜனவரியில் சிவானந்தன் காலமானார். அந்த 1971 சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே பிரிட்டனில் குடியேறியிருந்த கரீபிய முதியவர்கள் பலருக்கு, ஆவணம் இல்லையென்று வேலையும் சிகிச்சையும் மறுக்கப்பட்ட விண்ட்ரஷ் விவகாரம் அதே ஆண்டு ஏப்ரலில் வெடித்தது. உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார்.