வாலை மறைத்து வந்த காதல் கடிதம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அனுப்பியவர் எல்லோருக்கும் தெரிந்த சார். அதை என் நண்பர் ஒருவர் திறந்தார். பத்திரிகை எதுவும் தெரியவில்லை. மறுநாள் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தது. அனுப்பியவரைக் கேட்டால், தான் எதையும் அனுப்பவே இல்லை என்கிறார்.

"நாப்பது வருஷம் பசங்களுக்குப் பாடம் எடுத்தவன், இப்படி ஏமாந்துட்டேனே சார்" என்று நண்பர் போனில் உடைந்துபோனார். வெட்கப்பட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லையாம். அதற்குள் அவர் போனிலிருந்தும் அதே பத்திரிகை பலருக்குப் போய்விட்டது. அவருக்குச் சொன்ன ஆறுதலைத்தான் இங்கே எழுதுகிறேன். வரலாற்று வாத்தியார் என்பதால் எனக்கு ஆறுதல்கூட ஆண்டுவாரியாகத்தான் சொல்ல வரும்.

1986. லாகூரில் பாசித், அம்ஜத் ஃபரூக் ஆல்வி என்று இரண்டு சகோதரர்கள் கணினிக் கடை நடத்திவந்தார்கள். தாங்கள் எழுதிய மென்பொருளைச் சிலர் காசு கொடுக்காமல் நகல் எடுப்பதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன நிரலை எழுதினார்கள். அதுதான் 'பிரெயின்'. ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் என்று இதைச் சொல்கிறார்கள். ஃபிளாப்பியின் தொடக்கப் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேடிக்கை என்னவென்றால், அதற்குள் அவர்களுடைய பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருந்தன! ஃபிளாப்பி கைமாறக் கைமாற, அது கடல் கடந்து அமெரிக்கா வரை போனது. திருட்டு நகலோடு ஒட்டிக்கொண்டு வரும் பழக்கம் வைரஸுக்கு அன்றே இருந்தது.

1989 டிசம்பர். சுமார் 20,000 ஃபிளாப்பிகள் தபாலில் பல நாடுகளுக்குப் போயின. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று மேலே எழுதியிருந்தது. அனுப்பியவர் ஜோசப் பாப், ஹார்வர்டில் ஆய்வுப் பட்டம் பெற்ற உயிரியலாளர். அந்த நிரல், கணினியை எத்தனை முறை இயக்குகிறோம் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். சுமார் 90 தடவை ஆனதும் கோப்புகளின் பெயர்களையெல்லாம் குழப்பிவிட்டு, பனாமாவிலுள்ள ஓர் அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொல்லும். இன்று 'ரான்சம்வேர்' என்கிறோமே, அதன் தாத்தா இது. பணம் கட்டாவிட்டால் கணினி கெடும் என்ற எச்சரிக்கை உறைக்குள் இருந்த உரிமத் தாளிலேயே அச்சாகியிருந்தது. யார் படித்தார்கள்? நாமும் 'சம்மதம்' என்ற பொத்தானைப் படிக்காமல்தானே அழுத்துகிறோம்!

இதில் இன்னொரு பாடமும் உண்டு. கோப்புகளின் பெயர்கள்தான் குழம்பின, உள்ளே இருந்தவை அப்படியே இருந்தன. ஜிம் பேட்ஸ் என்ற பிரிட்டிஷ் நிபுணர் மீட்பு நிரலை எழுதி இலவசமாகவே கொடுத்தார். ஆனால் பதறிப்போய் வட்டு முழுவதையும் அழித்தவர்களுக்கு அதனால் பயனில்லை.

2000 மே 4. இதுதான் என் நண்பருக்கு நான் விரிவாகச் சொன்ன கதை. 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல். கூடவே ஒரு காதல் கடிதம். கோப்பின் பெயர் 'டிஎக்ஸ்டி' என்று முடிவதாகத் தெரியும், அதாவது வெறும் எழுத்துக் கோப்பு. உண்மையில் அதன் பின்னால் 'விபிஎஸ்' என்று இன்னொரு வால் இருந்தது. அது இயங்கக்கூடிய நிரல். விண்டோஸ் அந்தக் கடைசி வாலை வழக்கமாகக் காட்டாது. திறந்ததும் உங்கள் முகவரிப் புத்தகத்தில் இருக்கும் எல்லோருக்கும் உங்கள் பெயரிலேயே கடிதம் போகும். வட்டிலிருக்கும் புகைப்படக் கோப்புகளின் மேல் தன்னையே எழுதிக்கொள்ளும். கடவுச்சொற்களைத் திருடவும் பார்க்கும். பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தன் மின்னஞ்சலை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

எழுதியவர் மணிலாவைச் சேர்ந்த ஒனெல் டி குஸ்மான் என்ற மாணவர். இணையத்துக்குக் கட்டப் பணம் இல்லாமல் கடவுச்சொல் திருட நினைத்ததாக 2020-இல் ஒப்புக்கொண்டார். ஆனாலும் தண்டனை கிடையாது. அப்போது பிலிப்பைன்ஸில் அதற்குச் சட்டமே இல்லை. அந்த ஜூனில்தான் இயற்றினார்கள். நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 2000-இல்தான், அக்டோபர் 17.

இப்போது நண்பருக்கு வந்த பத்திரிகையைப் பாருங்கள். தெரிந்தவர் பெயர், ஆசையைத் தூண்டும் தலைப்பு, பின்னால் 'ஏபிகே' என்ற வால். அது பத்திரிகையே இல்லை, போனில் நிறுவப்படும் செயலி. காதல் கடிதம் கல்யாணப் பத்திரிகை ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். நாடாளுமன்றத்தில் இருந்தவர்களே திறந்துவிட்டார்கள், நாம் எம்மாத்திரம்?

அதற்காகச் சும்மா இருக்க முடியாது. 2017 மே 12-இல் 'வான்னாக்ரை' 150 நாடுகளில் பரவி, பிரிட்டனில் மருத்துவமனைகளையே முடக்கியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள்.

எனவே வீட்டில் செய்ய வேண்டியவை:

1. விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். அதோடு வரும் டிஃபெண்டரை அணைக்காதீர்கள்.

2. கோப்பின் முழுப் பெயரும், வாலோடு, தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

3. திருட்டு மென்பொருள் வேண்டாம்.

4. பேரன் பேத்தி படங்களைத் தனி வட்டில் நகலெடுத்து, வட்டைக் கழற்றி வையுங்கள். மாட்டியே இருந்தால் அதுவும் போகும்.

5. தெரிந்தவர் அனுப்பினாலும், திறக்குமுன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

6. பணம் போனால் உடனே 1930-ஐ அழையுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

கடைசியாக, ஏமாந்தால் மறைக்காதீர்கள். என் நண்பர் அந்த இரண்டு நாள் பேசாமல் இருந்ததுதான் அவருக்கும் மற்றவர்களுக்கும் வினையானது. இப்போது அவரே, "என் கதையை எழுதுங்க சார், பேரை மட்டும் விட்டுடுங்க" என்று சொன்னதால்தான் எழுதினேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.