பெருங்குடல் புற்றுநோய்: ஸ்டேஜோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி

பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் குடும்பத்தார் மருத்துவரிடம் முதலில் கேட்பது, "எத்தனாவது ஸ்டேஜ்?" என்பதைத்தான். கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நெறிக்கட்டிகளுக்கோ கல்லீரலுக்கோ பரவியிருக்கிறதா என்பதை ஸ்டேஜ் சொல்லும். ஆனால், ஒரே ஸ்டேஜில் உள்ள இருவரில் ஒருவர் பல்லாண்டு நலமாக இருக்க, மற்றவருக்குச் சீக்கிரமே நோய் திரும்பி விடுவதும் உண்டு. நோயாளியின் எதிர்ப்பு சக்தி அந்தக் கட்டியை எப்படி எதிர்கொள்கிறது என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கட்டியைச் சூழும் டி செல்கள்

வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள், கெட்டுப்போன செல்களை அடையாளம் கண்டு அழிப்பவை. இவை பெருங்குடல் கட்டியின் நடுவிலும் ஓரத்திலும் எவ்வளவு திரண்டிருக்கின்றன என்பதை வைத்து நோயின் போக்கைக் கணிக்கலாம் என்று பிரான்ஸின் ஜெரோம் காலோன் குழுவினர் 2006இல் காட்டினர். இந்தக் கணக்குக்கு 'இம்யூனோஸ்கோர்' என்று பெயர்.

பிறகு 13 நாடுகளில் 2,681 நோயாளிகளின் கட்டிகளை வைத்து இதைச் சோதித்தனர். அகமதாபாத்தில் உள்ள குஜராத் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இதில் பங்கேற்றது. 2018இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. முதல் தொகுதி நோயாளிகளில், டி செல்கள் அதிகம் இருந்தவர்களில் 8 சதவீதம் பேருக்கே ஐந்து ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியது. நடுத்தரமாக இருந்தவர்களில் இது 19 சதவீதம். குறைவாக இருந்தவர்களில் 32 சதவீதம்.

நம் ஊரில் கேட்கக்கூடிய பரிசோதனை

இம்யூனோஸ்கோர் நம் பக்கம் வழக்கத்தில் இல்லை. ஆனால் இதோடு தொடர்புடைய எம்.எம்.ஆர். பரிசோதனையைக் கேட்டுப் பெறலாம். செல் பிரியும்போது மரபணுவில் ஏற்படும் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று இது பார்க்கிறது. அவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பிழைகள் குவியும். பிழை கூடக் கூட அந்தச் செல் உடலுக்கு அந்நியமாகத் தெரியும். டி செல்கள் அதைச் சூழ்ந்துகொள்ளும். பெருங்குடல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேரிடம் இந்தக் குறைபாடு இருக்கிறது.

ரத்தத்தில் பார்க்கும் சி.இ.ஏ. வேறு. நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க அது உதவும். எதிர்ப்பு சக்தியைப் பற்றி எதுவும் சொல்லாது.

சிகிச்சை மாறுகிறது

எம்.எம்.ஆர். குறைபாடு உள்ள 2ஆம் ஸ்டேஜ் நோயாளிகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. 5-எஃப்.யூ. மருந்தை மட்டும் கொடுப்பதால் அவர்களுக்குப் பயன் இல்லை. ஆகவே பலருக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் கீமோ தேவைப்படாமலே போகலாம்.

நோய் பரவியவர்களிடம் இந்தக் குறைபாடு நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் காணப்படுகிறது. அவர்களுக்கு டி செல்களின் தடையை நீக்கும் இம்யூனோதெரபி பெரிதும் உதவுகிறது. 2020இல் வெளியான 307 பேர் ஆய்வில், நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் கீமோவில் 8.2 மாதம், பெம்ப்ரோலிசுமாப் மருந்தில் 16.5 மாதம். இந்த மருந்துக்கு லட்சக்கணக்கில் செலவாகும். குறைபாடு இல்லாத பெரும்பாலானோருக்கு இதனால் பலன் கிடைப்பதில்லை. வீட்டையும் நகையையும் விற்று இம்யூனோதெரபிக்குப் போகுமுன் இந்தப் பரிசோதனை அவசியம்.

குடும்பத்தாரும் கவனிக்க

இந்தக் குறைபாடு பெரும்பாலும் வயதானவர்களுக்குத் தானாக வருவது. சிலருக்கு மட்டும் பரம்பரையாக வரும். அதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். மகனானாலும் மகளானாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பெண்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோயும் வரலாம். இக்குடும்பத்தார் பொதுவாக 20–25 வயதிலிருந்தே ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி செய்துகொண்டால் நோயை முளையிலேயே பிடிக்கலாம். சொந்தத்தில் திருமணம் செய்யும் இருவரிடமும் ஒரே குறை இருந்தால், பிள்ளைக்குச் சிறுவயதிலேயே புற்றுநோய் வரும் ஆபத்து இருக்கிறது. இப்படிப்பட்ட குடும்பங்கள் சம்பந்தம் பேசுமுன் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது.

செய்ய வேண்டியவை

மேலப்பாளையம், பேட்டை, கடையநல்லூர் பக்கமிருந்து சிகிச்சைக்காகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கும், திருவனந்தபுரம், வேலூர், சென்னைக்கும் செல்பவர்கள் பலர். எங்கே போனாலும் பயாப்ஸி ரிப்போர்ட்டோடு, கட்டியின் துண்டைப் பதப்படுத்தி வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். எம்.எம்.ஆர். பரிசோதனையை அதிலேயே செய்யலாம். மறுபடி சதை எடுக்க வேண்டியதில்லை. ரிப்போர்ட்டில் எம்.எம்.ஆர். பற்றிய வரி இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று நீங்களாகவே முடிவு செய்து மாதக்கணக்கில் கைவைத்தியம் பார்க்காதீர்கள். எதிர்ப்பு சக்தி எவ்வளவு வலுவாக இருந்தாலும், பரவுமுன் கண்டுபிடித்த நோயைக் குணப்படுத்துவதுதான் எளிது.