ரேடியோவில் கேட்ட கரகரப்பும் ராணுவ ரகசியமும்

மலருக்குக் கட்டுரை கேட்ட செயலாளர், "பழைய கம்ப்யூட்டர் கதை ஏதாவது எழுதுங்க சார்" என்றார். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் என்ற உரிமையில், நம் பாடத்திட்டத்தில் வராத ஒரு வரலாற்றை இங்கே சொல்கிறேன்.

ட்யூப்லைட் போட்டால் ரேடியோ கரகரக்கும் என்பது நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் தெரியும். மின்னோட்டம் சட்டென்று மாறினால் ரேடியோ அலை கிளம்பும். கம்ப்யூட்டருக்குள் இந்த மாற்றம் விநாடிக்கு லட்சக்கணக்கில் நடக்கிறது. 1975-இல் வந்த ஆல்டேர் 8800-க்குத் திரையும் கிடையாது, ஸ்பீக்கரும் கிடையாது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் கூட்டத்தில், ஸ்டீவ் டாம்பியர் என்பவர் அதன் அருகில் ஒரு ரேடியோவை வைத்து ப்ரோக்ராமை ஓட்டினார். ரேடியோவில் பீட்டில்ஸ் பாட்டு கேட்டது! கூடியிருந்தவர்கள் கைதட்டி மகிழ்ந்தார்கள்.

ஆனால் இந்த விஷயம் ராணுவத்துக்கு முன்பே தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது, பெல் ஆய்வகப் பொறியாளர்கள் தங்களுடைய சங்கேத இயந்திரம் ஒன்று அலைகளைக் கசியவிடுவதைக் கண்டார்கள். "அப்படியா, நிரூபியுங்கள்" என்றது ராணுவம். நியூயார்க்கில் சங்கேத மையத்துக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், 80 அடி தூரத்தில் அமர்ந்து ஒரு மணி நேரம் பதிவு செய்தார்கள். சில மணி நேரத்தில் மூலச் செய்தியில் 75 சதவீதத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள்! பின்னாளில் இந்தத் துறைக்கு 'டெம்பெஸ்ட்' என்று பெயர் வந்தது. எவ்வளவு கசியலாம் என்ற அளவுகோலே ரகசியமாக்கப்பட்டது. நான் மேலே சொன்ன பெல் கதை பொதுமக்களுக்குத் தெரிந்தது 2007-இல்தான்.

பர்சனல் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தபோது அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமும் விதிகள் போட்டது. டான்டியின் டிஆர்எஸ்-80 முதல் மாடல் அந்த விதிகளால்தான் 1981-இல் நின்றது. ஆனால் அந்த விதிகளின் நோக்கம் பக்கத்து வீட்டு டி.வி. கெடக்கூடாது என்பதுதான். உங்கள் கடிதத்தை யாரும் படிக்கக்கூடாது என்பதற்காக அல்ல.

டி.வி. தயாரித்து வந்த சீனித், 1979-இல் ஹீத் கம்பெனியை வாங்கிக் கம்ப்யூட்டரில் இறங்கியது. 1980-களில் அமெரிக்க ராணுவத்திடம் பெரிய பெரிய கான்ட்ராக்டுகளைப் பிடித்தது. அவற்றில் டெம்பெஸ்ட் மாடல்களும் உண்டு. உலோகக் கவசம், மூடியின் இடுக்குகளில் மின்கடத்தும் பட்டை, பவர் ஒயரில் ஃபில்டர் என்று விலை கூடிய ஏற்பாடு. கடையில் வாங்குபவருக்கோ வெறும் பெட்டிதான்.

இந்த நிலையில் 1985-இல் நெதர்லாந்து தபால் தந்தித் துறை ஆய்வகத்தின் விம் வான் எக் ஒரு கட்டுரை வெளியிட்டார். அன்றைய திரைகளில் எலெக்ட்ரான் கற்றை கோடு கோடாக ஓடி எழுத்தை வரையும். டி.வி.யும் அதே வேலையைத்தான் செய்தது. திரையிலிருந்து கிளம்பும் அலையில் 'எங்கே கோடு தொடங்குகிறது' என்ற ஒத்திசைவு மட்டும் இருக்காது. அதை வெளியிலிருந்து ஒரு சின்ன சர்க்யூட் மூலம் கொடுத்தால் போதும், சாதாரண டி.வி.யில், சில நூறு மீட்டர் தள்ளி, அடுத்தவர் திரை தெரியும்! நம் மூன்றாம் ஆண்டு மாணவன் லேபில் செய்துவிடக்கூடிய சர்க்யூட் அது.

அதுவரை "நம்மளை யாரோ பார்க்கிறாங்க" என்று சொன்னவரைக் கேலி செய்தவர்கள் அதன்பின் யோசிக்க ஆரம்பித்தார்கள். சந்தேகம் முழுக்கச் சரியா என்றால், இல்லை. ஊரிலுள்ள எல்லாத் திரைகளையும் பார்க்க, வாசலுக்கு ஒரு வேன் நிற்க வேண்டும், நடக்கிற காரியமா? ஆனால் குறிவைத்த இடத்தில் நடந்தது. லண்டனில் பிரெஞ்சுத் தூதரகத்தின் சங்கேதச் செய்திகளை 1960-களில் இப்படிக் கசிவு மூலம் படித்ததாக, பிரிட்டிஷ் உளவுத்துறையில் பணியாற்றிய பீட்டர் ரைட் தமது 'ஸ்பைகேட்சர்' நூலில் 1987-இல் எழுதினார். தட்டைத் திரை வந்ததும் தொல்லை விட்டது என்று நினைத்தவர்களுக்கு, அதிலிருந்தும் படிக்கலாம் என்று கேம்பிரிட்ஜின் மார்க்குஸ் கூன் 2004-இல் காட்டினார்.

என் ஆதங்கம் ஒற்று கேட்டதைப் பற்றி மட்டும் அல்ல. ஆபத்து இருப்பது அரசுக்குத் தெரிந்தது. தன் மேஜைக்குக் கவசம் வாங்கியது. டாக்டர், வக்கீல், பத்திரிகைக்காரர் மேஜையிலும் அதே ஆபத்து இருந்தது. அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் அதை வெளியே சொன்னவர் ஒரு தபால் தந்தித் துறை ஆராய்ச்சியாளர்.

நம்மில் பலர் இன்று வங்கிக்கும் மருத்துவமனைக்கும் அரசுக்கும் கருவிகள் வடிவமைக்கிறோம், வாங்கிப் போடுகிறோம். நம் பிள்ளைகளும் அதே துறையில் இருக்கிறார்கள். ஒரு குறை கண்ணில் பட்டால் பெரிய வாடிக்கையாளருக்கு மட்டும் அடைத்துக் கொடுத்துவிட்டு, சின்னவரிடம் வாய்மூடி இருக்காதீர்கள். சந்தேகப்பட்டுக் கேட்பவரை "சும்மா இருங்க சார்" என்று அனுப்பியும் விடாதீர்கள். அவர் கேட்பதில் இயற்பியல் இருக்கலாம்.